சாவி எங்கே?

"பூண்டுக்குக் களையெடுக்காம போன்ல என்ன சோலி?" என்றாள் மகாதேவி.

"வெளயாட்டுதான். ஒரு பொண்ணு சாவிய ஒளிச்சு வச்சிட்டு வீட்ட விட்டுப் போயிட்டா. பாதியில நிறுத்த மனசு வரல," என்றார் கணவர் வேல்ராஜ்.

திரையில் ஒரு சமையலறை. மகாதேவி எட்டிப் பார்த்தாள்.

"அடுப்புக்கு மேல, பொகை படுற எடத்துல வெதப்பூண்டு தொங்குதுல்ல? அதுக்குள்ள பாருங்க."

தொட்டார். பூண்டுக் கட்டுக்குள் சாவி இருந்தது. கதவு திறந்து, உள்ளே பூட்டியிருந்த அடுத்த கதவின் மேல் எழுத்துகள் வந்தன: 'இந்த இடம் எங்கம்மாவுக்குத்தான் தெரியும். கதை, புதிர்: சுபஸ்ரீ வேல்ராஜ்.'

போன் விளையாட்டுகளை உருவாக்கும் வேலைக்கென்று சென்னைக்குப் போன மகளோடு மகாதேவி பேசி மூன்று வருடமாகிறது.

"கெட்டிக்காரிதான்," என்றாள் மெல்ல. பிறகு கணவரை முறைத்தாள். "வருசா வருசம் பூண்டக் கட்டித் தொங்கவிடுற ஒங்களுக்கு இது தெரியாதாக்கும்?"

வேல்ராஜ் சிரித்தார். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நகருங்க. அடுத்த பூட்டையும் நானே தொறக்குறேன்."