கடைசி வரிசையில் தட்சன்

கடைசி வரிசையில் பாயை விரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் மந்தாகினிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா!

தங்கை கல்யாணத்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, மூத்த மகளையும் மருமகனையும் மட்டும் விட்டவர். மனசு கேட்காமல் மண்டபத்துக்குப் போன அவள் கணவன் நஞ்சுண்டனை, "பத்திரிகை வைக்காமலே பந்திக்கு வந்துட்டியே, வெட்கமில்லை?" என்று இலை முன்னாலிருந்து எழுப்பியவர். அன்றோடு பேச்சு நின்றது. மைசூரில் இத்தனை யோகா வகுப்பு இருக்க, அவள் நடத்தும் வகுப்புக்கே வந்து நிற்கிறார். என்ன நெஞ்சழுத்தம்!

"மேடம், இன்னைக்கு என்ன கதை?" என்றாள் முன்வரிசை ஜலஜாக்ஷி. மந்தாகினியின் வகுப்பில் ஆசனங்கள் ஒரு கதையாகத்தான் ஓடும்.

"தட்ச யாகம்."

"ஐயையோ! பின்னால பெரியவர் ஒருத்தர் புதுசா வந்திருக்கார், பார்த்து வெட்டுங்க!"

மந்தாகினி சிரிக்கவில்லை.

"மூச்சை இழுங்க. மருமகனைக் கூப்பிடாம யாகம் பண்ணினான் தட்சன். கேட்கப்போன மகளைச் சபையில அவமானப்படுத்தினான். அவ அந்தத் தீயிலயே விழுந்தா. சிவன் ஜடையைப் பிடுங்கித் தரையில அறைஞ்சார், வீரபத்திரன் எழுந்தான். கையைத் தூக்குங்க. அதுதான் வாள்!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"இப்போ கையை விரிங்க. தட்சனைக் குறி வச்சாச்சு. பார்வையை எடுக்காதீங்க!"

அவளும் எடுக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒத்தைக் கால்ல முன்னால சாய்ங்க. வெட்டுங்க! விழுந்தது தலை!"

தொம்மென்று சத்தம். விழுந்தது அப்பா. பக்கத்திலிருந்தவர் நீட்டிய கையை வேண்டாமென்று சொல்லி, சுவரைப் பிடித்து எழுந்து, மறுபடியும் ஒற்றைக் காலில் நின்றார்.

மந்தாகினிக்கு ஒரு கணம் பதறத்தான் செய்தது. காட்டிக்கொள்ளவில்லை. "அவ்வளவுதான். எல்லாரும் மல்லாந்து படுங்க."

"மேடம், ஆட்டுத் தலை?" ஜலஜாக்ஷி விடவில்லை. "சிவன் மனசிரங்கி ஆட்டுத் தலை வச்சு தட்சனுக்கு உயிர் கொடுப்பாரே. நாமளும் நெத்தியைத் தரையில வைப்போமே. கோபத்துக்கு ஒத்தைக் கால் போதும், மன்னிக்கத்தான் ரெண்டு காலும் ஊணணும்னு நீங்கதானே..."

"இன்னைக்கு நேரமில்லை!"

வகுப்பு கலைந்தது. அப்பா மட்டும் பாயை விட்டு எழவில்லை.

"முடிஞ்சாச்சு. கிளம்பலாம்."

"கொஞ்சம் இருக்கேம்மா."

"எதுக்கு? இங்கேயும் வந்து மானத்தை வாங்கவா? முதல்ல அவர்கிட்ட போய் மன்னிப்பு கேளுங்க!"

"போன மாசமே கேட்டுட்டேம்மா." அப்பா வாசலைக் காட்டினார். "இன்னைக்கு வண்டியில கூட்டிட்டு வந்ததே மாப்பிள்ளைதான். வாசல்ல நிக்கிறார். 'உங்களைப் பார்த்ததும் தட்சன் கதையைத்தான் எடுப்பா மாமா. தலை விழுந்ததும் எழுந்து வந்துடாதீங்க. ஆட்டுத் தலை வைக்காம என் மந்தாகினி கதையை முடிக்கவே மாட்டா'ன்னு சொல்லி அனுப்பினார்."