மேலே ஏறாத வெந்நீர்

பிஷ்கெக் நகரில் மைனஸ் இருபது டிகிரி குளிர். ஒன்பதாம் மாடியில், கைக்குழந்தையைக் கோட்டுக்குள் பொதிந்து வைத்திருந்தாள் புருலாய்.

"இன்ஜினியரம்மா, வீட்டைச் சூடாக்குற நகராட்சி வெந்நீர் நேத்துலேருந்து எங்க வீட்டுக்கு வழி மறந்துடுச்சா?"

"கீழே யாரோ திருட்டுத்தனமா வெந்நீர்க் குழாய்ல கூடுதல் ரேடியேட்டர் மாட்டி அறையைச் சூடாக்கிக்கிறாங்க. மேலே வர்ற சூட்டையெல்லாம் அவங்களே உறிஞ்சிடுறாங்க. ஆளைப் பிடிக்காம விடமாட்டேன்!"

மூன்று நாளாகக் கொதிகலன் நிலையமே கதியென்று கிடந்த இன்ஜினியர் நுர்ஸாதா, எரிச்சலோடு வீடு வீடாகக் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். ஐந்தாம் மாடிவரை எல்லாம் ஜில்லென்றிருந்தன.

நான்காம் மாடியில் கதவிடுக்கு வழியே அனல் அடித்தது. அவள் மணியை அடிக்கவில்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

பனியனோடு நின்ற கணவன் தலான்ட் பெருமையாகச் சிரித்தான்.

"மூணு நாளா குளிர்ல அலையுறியேன்னு உனக்காகத்தான் மாட்டினேன். எப்படி?"

"ஸ்பேனரை எடுங்க" என்றாள்.