ஐந்தாவது குதிரை

“பட்டாளத்தார் மட்டும் பேர் கொடுத்துட்டா அஞ்சு குதிரை ஆயிடும்மா. போட்டி நடந்துடும்!”

அப்பா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். ஒரு கையில் பசை வாளி. தோளில் மீந்துபோன சுவரொட்டிச் சுருள்.

“வருவாராப்பா?” என்றாள் மகள்.

“நேத்தே லாயத்துக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன். யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கே.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

குதிரையேற்றச் சங்கத்தின் விதி அது. ஐந்து குதிரைகளாவது இல்லையென்றால் தடைதாண்டும் போட்டி கிடையாது. சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். கமிட்டி சொன்னபடி இந்த வருடம் கட்டணத்தைப் பாதியாக்கினார். புதியவர்களுக்கு முழங்கால் உயரத் தடைகளோடு தனிச் சுற்று வைத்தார். குதிரையை ஏற்றி வரும் வண்டிக்கு டீசல் செலவும் தருவதாக அறிவித்தார். இருந்தும் நான்கு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி.

“ஊர்ல ஒருத்தனுக்கும் ரோஷமே இல்லம்மா. பல் டாக்டர் என்னைப் பார்த்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறார். அந்த ரெட்டைப் பசங்களோட அம்மா போனையே எடுக்கறதில்ல.”

ஏனென்று அவளுக்குத் தெரியும். மைதானம் சேறாகக் கிடக்கிறது, குதிரை வழுக்கும் என்று பல் டாக்டரிடம் சொன்னது அவள்தான். போன வருடம் தான் விழுந்த கதையை, கொஞ்சம் ரத்தம் கூட்டி, இரட்டையரின் அம்மாவிடம் சொன்னதும் அவள்தான்.

மூன்றாவது தடைக்கு முன்னால் குதிரை நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு இரண்டு துண்டானது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பார்க்கச் சகிக்காமல், “அடுத்த வருஷம் ஜெயிச்சுக் காட்டறேன்ப்பா” என்று உளறிவிட்டாள். அதை அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

 இப்போதெல்லாம் பயிற்சிக்குப் போகும் காலைகளில் சங்கத்து லாயத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து குதிரை மேல் ஏறினாள். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, “சபாஷ்!” என்று கத்துவார்.

“கண்ணெல்லாம் சிவந்திருக்கேப்பா. தூங்கலையா?”

“எல்லாம் இந்த அஞ்சாவது குதிரைக் கவலைதான்.” சற்றுத் தயங்கினார். “உனக்கு ஒண்ணும் பயமில்லையே?”

“எனக்கா? போங்கப்பா.”

“அதானே! என் பொண்ணாச்சே!”

குரல் கம்மிவிட்டது. பெருமையாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் வாளியைக் கழுவப் போனார்.

அவள் சைக்கிளை எடுத்தாள்.

போகிற வழியில், பூட்டிக் கிடந்த மில்லின் பின்சுவரில் அப்பாவின் சுவரொட்டிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஆள் நடமாட்டமே இல்லாத சந்து. பாவம், எங்கே ஒட்டினால் கண்ணில் படும் என்றுகூடத் தெரியவில்லை அவருக்கு.

பட்டாளத்தார் ராணுவத்தில் குதிரைகளோடு காலம் தள்ளிவிட்டு வந்தவர். ஊர் எல்லையில் லாயம் வைத்திருந்தார். குதிரையின் பின்னங்காலைத் தன் தொடைமேல் தூக்கிவைத்துக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஓட்டுக் கேக்க வந்த மாதிரி நிக்கற?”

“மாமா, போட்டிக்குப் பேர் கொடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்ல. யோசிச்சிட்டிருக்கேன்.”

“கொடுக்காதீங்க.”

சுரண்டுகிற கை நின்றது. “ஏன், கிழவன் ஜெயிச்சுடுவான்னா?”

“மைதானம் ஒரே சேறு மாமா.”

“மழை பெஞ்சே மாசக்கணக்காச்சு.”

“தடைக் கம்பெல்லாம் உளுத்துப்போச்சு.”

“போன வாரம் அதுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சதே நான்தான்.”

 குதிரை தலையைத் திருப்பி அவள் கழுத்தருகே மூச்சுவிட்டது. அவள் துள்ளிப் பின்வாங்கி, சுவரில் முதுகு மோத நின்றாள்.   

பட்டாளத்தார் குளம்பை மெல்லக் கீழே விட்டார்.

“இப்ப நிஜத்தைச் சொல்லு.”

“பயமா இருக்கு மாமா.” ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாத சொல் வெளியே வந்ததும் அழுகையும் கூடவே வந்தது. “தினம் கனவுல அந்த மூணாவது தடை வருது. நீங்க வரலைன்னா போட்டி நின்னுடும். இல்லைன்னா நான் ஏறித்தான் ஆகணும். தயவுசெஞ்சு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ஓடி ஓடி ஆள் சேர்க்கறார். தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவார்.”

பட்டாளத்தார் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாக, நெடுநேரம் துடைத்தார். பிறகு தீவனப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

“ஒரு குடும்பத்துல எத்தனை நடிகருங்கம்மா?”

அவளுக்குப் புரியவில்லை.

“நேத்து உங்கப்பாவும் இங்க வந்து, ‘என் பொண்ணு மறுபடி விழுந்தா நான் தாங்கமாட்டேன், ஊர்ல மத்தவங்களையெல்லாம் எப்படியோ வரவிடாமப் பண்ணிட்டேன், நீங்களும் வந்துடாதீங்க’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போனார்.”