கடைசி ஆள் வரும்வரை

மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பழைய வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஊரில், மூடுபனி இறங்கினால் மணியடிப்பார்கள். மலையேறிய மாணவர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வழி கண்டு இறங்குவார்கள். கடைசி ஆள் வரும்வரை நிறுத்தக் கூடாது. போன வருடம் மலைக்குப் போய்த் திரும்பாத மகன் படித்த ஊரைப் பார்க்க, பூங்கொடியும் பழனியப்பனும் வந்திருந்தார்கள். அன்று இறங்கியிருந்த பனிக்குள்ளிருந்து கடைசி ஆளாக ஒரு மாணவி வந்து சேர்ந்ததும் மணிக்காரர் கயிற்றை விட்டார்.

"இன்னும் ஒருத்தன் வரோணும். அடிக்கச் சொல்லுங்க" என்றாள் பூங்கொடி.

என்ன சொல்கிறாள் என்று மணிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். மணி எந்தக் காலத்தது என்று கேட்பதாகப் பழனியப்பன் சொன்னார். மணிக்காரர் உற்சாகமாக அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்.

பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.