கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

கிழக்குக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வழிகாட்டி வேலை. புவனேந்திரனுக்குப் போனிலேயே நேர்முகப் பரீட்சை.

“விருந்தாளிகள எங்க கூட்டிட்டுப் போவீங்க?” என்றார் மேனேஜர்.

“விடியக்காலையில மணல்மேடு, சூரிய உதயம் பாக்கலாம் சார். அப்புறம் கடலேரிக் களப்போரமா நடந்தா கொக்கு, முதலை. பின்னேரம் மீன்பிடித் துறை.” தடுமாறாமல் அடித்துவிட்டான்.

“பிரமாதம்! நடக்க வர்றவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?”

“கால்ல சவர்க்கார நுரை தடவிக்கச் சொல்லுவேங்க. அட்டை கடிக்காது.”

மேனேஜர் இடைமறித்தார்.

“தம்பி, கடற்கரை மணல்ல ஏது அட்டை? நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா?”

“எங்க ஊரு அப்புத்தளை மலையில நின்னா தூரத்துல தெரியும் சார். கிட்டப் போனதில்ல. மத்ததெல்லாம் நெட்ல படிச்சது.”

வேலை போயிற்று என்றே நினைத்தான்.

மேனேஜர் சிரித்தார். “நானும் உங்க மலைதான், பக்கத்து ஊரு பெரகலக்காரன். இங்க வேலைக்கு வந்த மொத நாள் சுவெட்டர் போட்டுக்கிட்டு கடற்கரைக்குப் போனவன். திங்கக்கிழமை வந்துருங்க.”