இலை விலும் காலம்

"பலுத்த இலை கீலே விலும், மலை பொலியும், புலு ஒளியும்" என்று பாடிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள் மகள்.

அப்பாவின் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"என்ன பாப்பா சொன்னே?"

"இலையுதிர் காலப் பாட்டுப்பா. ரெண்டாங்கிளாஸ் முலுக்க இப்ப இதான்."

அப்பாவுக்கு ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். கடைப் பலகையில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தாலும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். அச்சகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ழகரம்' என்று பெயர்.

மகள் பேசப் பழகியபோது 'அம்மா'வுக்கு அடுத்து அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை 'மழை'. மழலை மாறாத வாயில் அந்த 'ழ' அத்தனை சுத்தமாக வந்தது. அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்திருந்தார். அந்த 'ழ' இப்போது எங்கே போயிற்று?

குழந்தைதானே, தானாக வந்துவிடும் என்றாள் மனைவி. வராததா வரவேண்டும், வந்ததல்லவா போயிருக்கிறது என்று அவர் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர், உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று மகளிடம் விளையாட்டாகக் கேட்டார்.

"பிலை திருத்துறாரு."

விளக்கடியில் இருட்டு என்று அவர் சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. அன்றைக்கே அப்பா முடிவு பண்ணிவிட்டார். தப்பு குழந்தையிடம் இல்லை. டீச்சருக்கே 'ழ' வராது. பெண்ணை அடுத்த பிரிவுக்கு மாற்றியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் நாள் வந்தது. இலையுதிர் மாதங்களில் எந்தெந்த வகுப்பு என்னென்ன கற்றது என்று பிள்ளைகளே செய்து காட்டினார்கள். ஒன்றாம் வகுப்பு விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணியது. மூன்றாம் வகுப்பு, இலை ஏன் மஞ்சளாகிறது என்று படம் போட்டுச் சொன்னது. நான்காம் வகுப்பு கொடிக்கம்பத்தின் நிழலை அளந்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் தலையாட்டி ரசித்தார். எழுத்துப் பிழைகூட இல்லை.

பிறகு இரண்டாம் வகுப்பு, தலையில் காகித இலைகளைச் செருகிக்கொண்டு வரிசையாக வந்து நின்றது.

"பலுத்த இலை கீலே விலும்..."

கூரை அதிர்ந்தது. ஒரு பிள்ளை, பேருக்கு ஒரு பிள்ளையாவது, சரியாகச் சொல்ல வேண்டுமே. அத்தனையும் ஒரே மாதிரி தப்பு, அதுவும் முகமெல்லாம் சிரிப்பாக. பெற்றோர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ழகரத்துக்குக் காது சுட்டது.

பாட்டு முடிந்ததும் நேரே டீச்சரிடம் போனார். தலைமையாசிரியையைப் பார்க்கவேண்டும் என்றார். காரணத்தையும் மென்று விழுங்காமல் சொன்னார். டீச்சர் ஒரு ஆளை அனுப்பித் தலைமையாசிரியைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினார்.

"மழையில நனைஞ்ச கூழாங்கல் மேல புழு வழுக்கி விழுந்துச்சு. போதுமா சார்? எனக்கு வருது. இவங்களுக்கும் வரும். ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க. கேட்டதுக்கப்புறம் எனக்குத் திருத்த மனசு வரலை."

மகள் அவர் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு பேசினாள்.

"புதுசா ஒருத்தி வந்திருக்கா இல்லப்பா, ரெட்டைப் பின்னல்? அவளுக்கு 'ழ' வராது. முதல் நாள் 'இலை விலும்'னு படிச்சா. எல்லாரும் சிரிச்சிட்டோம், நானும்தான். அவ அழுதுட்டா. அப்புறம் வாயையே திறக்கலை. அதனால எங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டோம். அவளுக்கு வர்ற வரைக்கும் யாருக்கும் வராது."

அவள் வாயில் ஒவ்வொரு 'ழ'வும் பழைய மாதிரியே சுத்தமாக விழுந்தது.

"சரி, வீட்ல ஏன்?"

"வீட்ல சரியாச் சொல்லிப் பழகிட்டா, இங்க வாய் தவறி வந்துடுமே."

அவர் மகளின் தலையிலிருந்து நழுவிய காகித இலையை எடுத்துத் திரும்பச் செருகிவிட்டார். பெற்ற வயிறு குளிரும் என்பார்களே, அப்பன்களுக்கும் அது உண்டு போலிருக்கிறது.

கதவைத் தாண்டி வெளியே வந்தால், எதிரே தலைமையாசிரியை. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ரெட்டைப் பின்னல். கைதட்டல் வாங்கிய பூரிப்பு இன்னும் அவள் முகத்தைவிட்டுப் போகவில்லை.

"என்னைப் பார்க்கணும்னீங்களாமே சார்? எங்க ரெண்டாங்கிளாஸ் பாட்டு எப்படி இருந்துச்சு?"

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெட்டைப் பின்னல் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

ழகரம் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப அலகா இருந்துச்சுங்க."