பெர்லா எங்கே போகிறாள்?

கொஞ்ச நாளாகவே சனிக்கிழமை மதியம் ஆனால் என் மனைவி பெர்லா சந்தைக்குக் கிளம்பிவிடுகிறாள்.

"வெறுங்கூடையோட திரும்புற சந்தை எதுடா?" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு ரொமுலோ.

இன்று பின்தொடர்ந்தேன். தேவாலயத்துப் பின்கூடத்துக்குள் நுழைந்தாள். ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். தரையில் படுத்திருந்த யாரோ ஒருவனின் வாயோடு வாய் வைத்திருந்தாள்.

கதவை உதைத்தேன். "எவன்டி அவன்?"

கிடந்தது ரப்பர் பொம்மை. சுற்றிலும் எங்கள் குப்பத்துப் பெண்கள், ஒரு நர்ஸ்.

"மூச்சு நின்னவங்களைப் பிழைக்கவைக்கப் படிக்கிறோம்" என்றாள் பெர்லா. "உன்கூட மீனுக்கு முக்குளிச்ச டாண்டோயை மூச்சில்லாம கரையில கொண்டுவந்து போட்டப்ப, எங்களுக்கு அழத்தான் தெரிஞ்சது. அபசகுனம்னு தடுப்பியேன்னுதான் சொல்லல. நாளைக்கு உன்னைக் கொண்டுவந்து போட்டா, நான் அழுதுட்டு நிக்க மாட்டேன்."